எழுபது கிலோப் பாலம்

ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றிலே, தாளாளர் தாணுலிங்கம் வருகிறார் என்றால் மின்விசிறிகூட அடக்கமாகத்தான் சுற்றும். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் கட்டுமானப் பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே உதவியாளர் செண்பகவடிவு, மாணவர்கள் பாலம் கட்டிப் பழகுவதற்காகப் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இது பொறியியலா, பாலர் பள்ளியா? நாளைக்கு இதிலே ஒரு பாலம் கட்டு. நான் ஏறி நிற்பேன். உடைந்தால் கட்டை குப்பைக்கு, நீ வீட்டுக்கு!"

"ஆகட்டும் ஐயா. பாரம் தெரிந்தால்தானே பாலம் கட்டலாம்? ஐயாவின் எடை எவ்வளவு?"

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தாளாளர் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு, "எழுபது," என்றார்.

மறுநாள் கல்லூரியே திரண்டது. முழங்கால் உயரத்தில் பாலம் பளபளத்தது. தாளாளர் கம்பீரமாகக் காலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம், ஐயா!" சிமெண்டு மூட்டை நிறுக்கும் எடைமேடையைச் செண்பகவடிவு உருட்டிவந்தாள். "எழுபதுக்கு மேலே போனால் பாலம் பொறுப்பில்லை. எடை பார்த்த பிறகே பாரம் ஏற்றுவது இங்கே வழக்கம். பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முள்ளைத் திருப்பி வைத்திருக்கிறேன். முதலில் இதிலே ஏறுங்கள், ஐயா."

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது. தாளாளர் முள்ளைப் பார்த்தார். தம் தொந்தியைப் பார்த்தார். மெல்லக் காலைத் தரையில் வைத்தார்.

"பார்த்தாலே தெரிகிறதே, அருமையான பாலம்! ஏறி அழுக்காக்குவானேன்? இன்னும் இரண்டு பெட்டி கட்டை வாங்கிக்கொள், அம்மா," என்று முழங்கியவர், குரலைத் தாழ்த்தி, "அந்த எடைமேடையை மட்டும் முதலில் உள்ளே தள்ளு," என்றார்.