நேரலையில் ஒரு வாய்த் தண்ணீர்

முகநூலில் தினமும் சமூகநீதி முழங்கும் கட்சித் தலைவர் தணிகாசலம், அன்றைய நேரலையில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். "உங்க டிரைவரை வீட்டுல எப்படி நடத்துறீங்க?" என்று யாரோ கேட்டுவிட, பின்னூட்டங்கள் ஈசலாய்க் கிளம்பின. சட்டென்று மைக்கை அணைத்துவிட்டு, டிரைவர் வீரணனைக் கூப்பிட்டார்.

"இந்த வீட்டுல எல்லாரும் சமம்னு சொல்லுடா. சொல்லலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"சொல்லிடறேங்கய்யா."

தலைவர் மறுபடி மைக்கை ஆன் செய்தார். வீரணன் தொண்டையைச் செருமினான். "ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேங்க" என்று மேசைமேல் இருந்த தலைவரின் டம்ளரை எடுத்தான்.

"டேய், அதைத் தொடாதே! உன் டம்ளர் கொல்லைப்பக்கம் இருக்குல்ல?"

வீரணன் டம்ளரை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டான்.

"ஐயாவே சொல்லிட்டாருங்க. இதுக்குமேல நான் என்ன சொல்ல?"

மறுநாள் அவனை வேலையைவிட்டு நிறுத்தத் தலைவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.