ஆடு தின்ற பாட்டு

கூத்தனேந்தல் ஜமீன்தாரைப் புகழ்ந்து நாகலிங்கப் புலவர் பாட்டெழுதி வைத்திருந்த ஏட்டை, சடைச்சியின் வெள்ளாடு தின்றுவிட்டது. மகள் கல்யாணத்துக்கென்று அவள் வளர்த்த ஒரே ஆடு அது.

"இன்னொரு தடவை எழுதிக்கிடுங்க சாமி" என்றாள்.

பாடியவருக்கே பாட்டு நினைவில் இல்லை. ஆட்டின் கொழுப்புதான் கண்ணில் நின்றது. நேராக ஜமீன்தாரிடம் வழக்குக் கொண்டு போனார்.

"அசை, சீர், தளை, அடி, தொடை எல்லாம் அமைந்த செய்யுள். அதை அப்படியே திருப்பித் தரட்டும். இல்லாவிட்டால் ஆடு என் அடுப்புக்கு வரட்டும்."

சடைச்சி ஆட்டைச் சபை நடுவே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எல்லாம் இருக்கு சாமி. வாய் அசை போடுது. காலிலே தளை கட்டியிருக்கேன். அடி நாலு. நீங்க கண்ணு வச்ச தொடையும் இந்தா இருக்கு. என் மகளுக்கு நான் குடுக்கிற சீரே இதுதான்."

சபை சிரித்தது. புலவர் விடவில்லை.

"எதுகை எங்கே?"

"அப்படின்னா என்ன சாமி?"

"இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. இதுகூடத் தெரியாதா?"

"ஏடு, ஆடு. ஒன்றித்தானே வருது? ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே."

புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் சரி, பாட்டின் பொருள் எங்கே?"

அந்த நேரம் பார்த்து ஆடு வாலைத் தூக்கிப் பொலபொலவென்று புழுக்கை போட்டது.

"கேட்டதும் குடுத்திருச்சு சாமி" என்றாள் சடைச்சி.

ஜமீன்தார் மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஆட்டை அவள் ஓட்டிக்கொண்டு போகட்டும். புலவரே, பொருளை நீர் எடுத்துக்கொள்ளும்."