முதலாளிக்கு வந்த பல்வலி

முறுக்கு விற்கிற குருவம்மாளுக்கு விடிந்ததும் கடைவாய்ப்பல் வலியெடுத்து, கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. கூடையோடு பல் டாக்டரிடம் ஓடினாள். அவள் முறை வந்தபோது அரிசி ஆலை முதலாளி தர்மலிங்கம் குறுக்கே புகுந்தார்.

"எனக்கு உயிர் போற பல்வலி. உன் வலிதான் பெரிசுன்னு காட்டு, வழி விடுறேன்."

பாவம், வலியை எப்படிக் காட்டுவாள்? யாரை உள்ளே விடுவதென்று நர்சுக்கும் குழப்பம்.

குருவம்மாள் கூடையைத் திறந்தாள். "காட்டுறேன் முதலாளி. அதுக்கு முன்னாடி, இதுல உப்பு சரியா இருக்கான்னு பாருங்க. என்னால கடிக்க முடியல."

முதலாளி நறநறவென்று இரண்டு முறுக்கைக் கடித்துத் தின்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அவர் வலியைப் பார்த்தாச்சு. நீ உள்ளே வாம்மா" என்றாள் நர்ஸ்.

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது முறுக்கை எடுத்தபடி கேட்டார்: "ஏன் சிரிக்கிறீங்க? உப்பு சரியாத்தானே இருக்கு?"