கண்ணாடிப் பெட்டிக்குள் நெத்திலி

வட ஸ்பெயினில், பாஸ்க் நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு மதுக்கடை இருந்தது. அதன் மேடையில் பின்ச்சோக்கள் திறந்தபடி வரிசையாக இருக்கும். ஒரு வாய்க்கு அளவான தின்பண்டங்கள். வருகிறவர்கள் நின்றபடியே கைநீட்டி எடுத்துத் தின்பார்கள். போகும்போது என்ன தின்றோம் என்று அவர்களே சொல்லிக் காசு கொடுப்பார்கள். கடைக்காரன் சரிபார்த்ததில்லை.

ஒருநாள் மேடைமேல் கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்து உட்கார்ந்தது.

“இனி உங்களுக்குப் பயமில்லை,” என்றது.

உள்ளே ஒரே குச்சியில் உப்பு நெத்திலியும் ஆலிவ் காயும் காடியில் ஊறிய பச்சை மிளகாயும் இருந்தன.

“எதற்குப் பயம்?” என்றது மிளகாய்.

“கைகளுக்கு. கண்ட கையும் உங்கள்மேல் படுகிறது.”

“படுவதற்குத்தானே இங்கே இருக்கிறோம்?”

“நான் யாரையும் மறைக்கவில்லையே. வேண்டிய மட்டும் பார்க்கட்டும். தொடத்தான் கூடாது.”

“நல்லதுக்குச் சொல்கிறதோ என்னவோ,” என்றது ஆலிவ். “ஈயும் வராது.”

“கொட்டையை எடுத்தபோதே உன் ரோஷத்தையும் எடுத்துவிட்டார்கள்,” என்றது மிளகாய்.

நெத்திலி கேட்டது: “என் முள்ளை எடுத்தது யார் தெரியுமா? இட்சியார். மீன் ஆலையில், உப்பில் வெடித்த விரல்களால் எடுத்தாள். வேலை செய்யும்போது சுத்தமாக இருந்த கை, தின்ன வரும்போது எப்படி அழுக்காயிற்று?”

“அது வேலை. இது வேறு.”

“எப்படி வேறு?”

பதில் சொல்லவேண்டிய தேவை கண்ணாடிக்கு இல்லை. அது மூடியிருந்தது.

“இன்று நான் அவள் கையால்தான் போவேன்,” என்றது நெத்திலி. “இல்லையென்றால் இங்கேயே நாறுவேன்.”

மீன் பதனிடும் ஆலையிலிருந்து நண்பகலில் இட்சியார் தோழிகளோடு வந்தாள். பேசிக்கொண்டே கையை நீட்டினாள். நகம் கண்ணாடியில் இடித்தது. தோழிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“என்ன இது, கோல்டோ?”

கடைக்காரன் கோல்டோ இடுக்கியைக் கையில் எடுத்தான். “எது வேணும்னு சொல்லு. எடுத்துத் தரேன்.”

“எனக்குக் கை இருக்கே.”

“உன்னைச் சொல்லலை. கண்டவங்களும் வராங்க இல்லையா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இங்க எடுத்துத் தின்னுட்டிருக்கேன். இப்ப நானும் கண்டவளா?”

அவன் பெட்டியின் பின்கதவைத் திறந்தான். குச்சியை இடுக்கியால் கவ்வித் தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினான். நெத்திலி இப்போது கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தது. ஆனாலும் அவள் தொடவில்லை.

“வாங்கடி, அடுத்த கடைக்குப் போவோம்.”

“அட, கோவிச்சுக்காதே. கை கொடு,” என்று கோல்டோ இடுக்கியை வைத்துவிட்டு மேடைக்கு மேலாகக் கையை நீட்டினான்.

இட்சியார் அவன் வைத்த இடுக்கியை எடுத்தாள். நீட்டிய விரல்களை அதனால் பிடித்து நிதானமாகக் குலுக்கினாள். இடுக்கியை நெத்திலி கிடந்த தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கோல்டோ தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அதில் ஓர் அழுக்கும் இல்லை.