காதுக்கு மேல் ஓர் ஓட்டை

"ஒரு ஓட்டை மட்டும் இருந்திருந்தா ரெண்டு பங்கு விலைக்குப் போயிருக்கும்ணே."

"இல்லைன்னா என்ன? போட்டுக்குவோம்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இரண்டு வியாபாரிகள் சிரித்தார்கள். இந்தப் பக்கம் மண்டியிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சவரிநாதனின் கை நின்றது.

அவர்கள் பேசியது ஜெர்மானியப் படையின் பழைய தலைக்கவசங்களைப் பற்றி. கருப்புத் தோல், நெற்றியில் பித்தளைக் கழுகு, உச்சியில் ஈட்டிபோல் ஒரு முனை. புதுச்சேரியில் அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் முனைத்தொப்பி என்பார்கள். பிரெஞ்சுப் படைக்குப் போய்த் திரும்பிய சொல்தா ஒருவரின் பெட்டியிலிருந்து எடுத்தது என்று சொன்னால் உடனே விலை ஏறும்.

மாலை நான்கு மணிக்கு அந்த மண்டபத்தில் சேகரிப்போர் சங்கத்தின் கண்காட்சி தொடங்க இருந்தது. நடுப்பெட்டி சவரிநாதனுக்கு. அதில் வைக்கப்போவது வலது காதுக்கு மேல் குண்டு துளைத்த ஒரு முனைத்தொப்பி. அட்டையையும் அவரே எழுதியிருந்தார்: "இதை அணிந்த வீரர் இதனுள்ளேயே உயிர்விட்டார்." அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவும் வேண்டும். ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்தார்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் அவர் ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பேனா இரண்டு இடங்களில் தாளைக் கிழித்தது. தொப்பியையும் அட்டையையும் பைக்குள் போட்டுக்கொண்டு, வெயிலில் இரண்டு தெரு நடந்து தெரேசினின் பட்டறைக்குள் நுழைந்தார்.

தெரேசின் பழைய தோல் பொருள்களைச் செப்பனிடுபவள். வயது முப்பத்து நான்கு. சவரிநாதன் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. ஆறு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவளிடம் பழைய தொப்பிகளைப் பற்றிப் பாடம் கேட்கிறார்.

"திருட்டுப் பசங்க, மேடம்! அயோக்கியப் பசங்க!"

"செருப்பக் கழட்டிட்டுத் திட்டுங்க ஐயா. கீழே தோல் காயுது."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கேட்டதை அப்படியே சொன்னார். கடிதத்தையும் படித்தார். "மாண்டவர் தலையில் ஓட்டை போட்டுப் பிழைக்கும் இந்த ஈனர்களைச் சங்கத்தை விட்டே விரட்ட வேண்டும்." விரட்ட என்ற சொல்லை இரண்டு முறை படித்தார்.

"கீழே உங்க கையெழுத்து வேணும். நீங்க போட்டா தலைவர் தட்ட மாட்டார்."

"போடுறேன். உங்க தொப்பிய எடுங்க."

"அது எதுக்கு இப்போ?"

"ஓட்டையைப் பத்தின லெட்டர். ஒரு ஓட்டையையாவது பார்த்துட்டுப் போடுறேனே."

"என்னோடது அந்த ரகம் இல்ல மேடம். மெட்ராஸ்ல ஒரு பெரிய மனுஷர்கிட்ட வாங்கினது."

"பெரிய மனுஷர் தொப்பியா? சொல்தா தொப்பின்னு நினைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. பையை மட்டும் திறந்தார்.

அவளுடைய பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வாயகன்ற மண்பானையின் மேல் ஒரு சும்மாடு. சும்மாட்டின் துளைக்குள் முனை இறங்கும்படி தொப்பியைத் தலைகீழாக வைக்க வேண்டும். உள்ளே பார்த்து முடிக்கும்வரை வெளிப்பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. சவரிநாதன் தன்னிடமிருந்த மற்ற மூன்று தொப்பிகளையும் அந்தப் பானையில் வைத்திருக்கிறார். இதை மட்டும் கொண்டுவந்ததே இல்லை. கேட்டால், "அது நல்லாத்தானே இருக்கு" என்பார்.

இன்று வைத்தார்.

"கண்ண மூடிட்டுக் கைய விடுங்க."

"மேடம், மணி இப்பவே மூணு..."

"கண்ண மூடுங்க."

மூடினார். விரல்கள் உள்ளே ஊர்ந்தன. தலை உறுத்தாமல் இருக்க விளிம்பில் தைத்த மெல்லிய தோல், நாக்கு நாக்காக மேலே எழுந்து உட்சுவரை மூடியிருந்தது.

"ஓட்டை எந்த நாக்குக்குப் பின்னால?"

"வலது பக்கம் நாலாவது."

"அந்த நாக்கைத் தடவுங்க. எங்க துளைச்சிருக்கு?"

விரல் மேலே போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

"துளைக்கலை."

"குண்டுக்கு வழி விட்டுச்சோ?"

"நாக்கு மடங்கி இருந்திருக்கும்."

"உள்ள தலை இருந்தா எப்படி ஐயா மடங்கும்? தலைதானே அதை அழுத்திப் பிடிக்குது."

அவர் கண்ணைத் திறந்தார். தெரேசின் உருப்பெருக்கியைக் கொடுத்தாள். தொப்பியின் உட்புறம் வேர்வை ஏறி ஏறிப் பழம்புளியாகக் கருத்திருந்தது. ஓட்டையின் விளிம்பு மட்டும் நறுக்கிய சேனைக்கிழங்குபோல் வெளிறியிருந்தது.

"குண்டு வெளியே வந்த ஓட்டை எங்கன்னு யாரும் கேட்டதில்லையா?"

"கேட்டிருக்காங்க. மண்டைக்குள்ளயே நின்னுடுச்சுன்னு சொல்லுவேன்." சொல்லி முடித்தபோது அவர் முகம் சிவந்தது. "ஏமாத்திட்டான் மேடம்! வெள்ளை வேட்டி, வாசல்ல கார், காபி வேற கொடுத்தான்! அவனையும் இந்த லெட்டர்ல சேர்க்கிறேன்."

"சேருங்க. நீங்க போனப்போ தொப்பி அங்கே தயாரா இருந்துதா?"

"இல்ல. அஞ்சாறு தொப்பி காட்டினார். குண்டு பட்டது ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னார்."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது.

தெரேசின் மரச் சட்டுவத்தால் நாலாவது நாக்கை மெல்ல உயர்த்தினாள். அதன் அடியில், வேர்வை எட்டாத இடத்தில், மையால் எழுதிய சிறிய எழுத்துகள்.

"படிங்க. ஜெர்மன் எழுத்து சொல்லிக் குடுத்திருக்கேனே."

அவர் குனிந்தார். நேரம் பிடித்தது.

"எஃப். க்ரோமர். நாலாவது கம்பெனி."

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு?"

"ஒரு வருஷமா. தினமும் துடைக்கிறேன்."

"எங்க?"

"வெளியே."

அவர் நிமிர்ந்தார். மேசைமேல் கிடந்த தன் அட்டையைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார். அடுத்து அவர் பேசியபோது, வியாபாரிகளைத் திட்டியதைவிடக் குரல் உயர்ந்திருந்தது.

"அப்படின்னா இவன் இதுல சாகவே இல்லையா?"

தெரேசின் சட்டுவத்தைக் கீழே வைத்தாள்.

"பிழைச்சு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதுக்கா ஐயா உங்களுக்கு இவ்வளவு கோபம்?"

சவரிநாதன் முக்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"லெட்டரைக் குடுங்க. கையெழுத்துப் போடுறேன்" என்றாள் தெரேசின்.

கடிதத்தைக் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மேடம், இந்தப் பானை இன்னிக்கு ஒரு நாள் எனக்கு வேணும். சும்மாடும்."

"எடுத்துக்கோங்க."

நான்கு மணிக்குச் சங்கத் தலைவர் நாடாவை வெட்டினார். கூட்டம் நேராக நடுப்பெட்டிக்கு வந்தது. கண்ணாடிக்குள் ஒரு மண்பானை. அதன் மேல் தலைகீழாக ஒரு முனைத்தொப்பி. நாலாவது நாக்கை ஒரு குண்டூசி உயர்த்திப் பிடித்திருந்தது.

சவரிநாதன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். மனப்பாடம் செய்ததைப் பேசவில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுதி முன்னால் சாய்த்து வைத்திருந்தார்:

"அணிந்தவர்: எஃப். க்ரோமர், நாலாவது கம்பெனி.
ஓட்டை போட்டவர்: தெரியவில்லை.
ஓட்டை கேட்டு வாங்கியவர்: அ. சவரிநாதன்."