ஒரு பறவைக்கான வெந்நீர்

எண்ணெய் அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றக்கூடத் தோன்றாமல் வேதமுத்து கொட்டகைக்குள் வந்தான். கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தால் கரையைக் காக்க வேண்டிய குழுவுக்கு அவன்தான் தலைவன். அந்த வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் தில்லைநாயகி. ஓய்வுபெற்றபின் கழிமுகத்தருகே கொட்டகை போட்டு, அடிபட்டு வரும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கழிமுகமும் எண்ணெய்ல போச்சும்மா."

அவர் நிமிரவில்லை. "தடுப்பு மிதவை இருந்துச்சே?"

"ஒரு கழிமுகத்தை அடைக்கத்தான் நீளம் காணும். வடக்கே நண்டு பிடிக்கிறவங்க. தெற்கே கடல்தண்ணியைக் குடிநீராக்குற ஆலை. ஒன்பது பேர் உட்கார்ந்தோம். நீங்க சொல்லித்தந்த முறைதான். எந்தப் பக்கத்துக்கு எவ்வளவுன்னு, பேர் போடாம ஆளுக்கொரு சீட்டுல மதிப்பெண். அதை வாசிச்சுக் காட்டித் திரும்ப எழுதச் சொல்றது. எல்லார் எண்ணும் பக்கத்துல வர்ற வரைக்கும்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. அதுக்குள்ள கடல் ஏறிடுச்சு. மிதவையை ரெண்டாக்கி ஆளுக்குப் பாதின்னு ஏகமனதா முடிவு. எண்ணெய் ஓரமாச் சுத்திக்கிட்டு ரெண்டுலயும் பூந்துடுச்சு."

"ஒருத்தரும் வாயத் திறக்கலையா?"

"நண்டுக்காரங்க சார்புல வந்த எஸ்தாக்கு கேட்டார். பாதிக் கதவைச் சாத்திட்டுத் தூங்கச் சொல்றீங்களா சார்னு. அப்புறம் அலுத்துப்போய் அவரும் கை தூக்கிட்டார்."

"முதல் சீட்டுல நீ என்ன எழுதின?"

"வடக்குக்குத்தான் அதிகம். ஆலையை நிறுத்திட்டு ஊருக்கு லாரித் தண்ணி விடலாம். நண்டுக்கு அப்படி முடியாதே."

"கடைசிச் சீட்டுல?"

"பாதிப் பாதின்னு."

"தலைவன் தனியா உத்தரவு போடலாமே?"

"போடலாம். நாளைக்கு விசாரணை. முறையில எங்கே தப்புன்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும்" என்றான்.

அவர் இரண்டு கூடைகளை அவன் முன்னால் நகர்த்தினார். ஒன்றில் நாரை. மற்றதில் நீர்க்காகம். இரண்டும் எண்ணெய் படிந்து கறுப்பாக இருந்தன. நீர்க்காகம் அவன் விரலைக் கொத்தியது.

"காஸ் தீர்ந்துபோச்சு. அந்த வாளியில இருக்கிற வெந்நீர் ஒண்ணுக்குத்தான் காணும். கழுவு."

"எதை?"

அவர் ஒரு துண்டை அவன் தோளில் போட்டார்.

"நீர்க்காகம் தெம்பா இருக்கு, கழுவினா பிழைச்சுக்கும். ஆனா நாரை அபூர்வம். செத்தா ஏன்னு கேப்பாங்க." செல்போனை எடுத்தான். "வனத்துறை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

டாக்டர் நாரை என்றார். டாக்டரின் மேலதிகாரி, பிழைக்கிறதைப் பாருங்கள் என்றார். வேதமுத்து இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேசினான். மரியாதையாகத்தான் பேசினான். பேசி முடித்துத் திரும்பியபோது நீர்க்காகம் கழுத்தைத் தொங்கப்போட்டிருந்தது. விரலை அதன் அலகருகே கொண்டுபோனான். அது கொத்தவில்லை.

நாரையைத் தூக்கிக்கொண்டு வாளியருகே உட்கார்ந்தான். கையை விட்டான். தண்ணீர் ஆறியிருந்தது.

"அம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நானும் ஒரு சீட்டு எழுதணுமா?" என்றார் தில்லைநாயகி. "கழுவு. இப்போ ஒன்பது பேரும் நாரைன்னுதான் சொல்வாங்க."