தங்கைவானம் விழுங்கிய குரல்

வானத்துக்கும் எருமைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கடலுக்குப் போனவரோடு பேசக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கரையில் நின்று அண்ணாந்து கூப்பிட்டால் போதும். மெல்லிய குரல் நேரே உச்சிக்குப் போகும். அங்கே இருந்த அக்காவானம் அதைத் தட்டிவிடுவாள். கட்டுமரம் எவ்வளவு தொலைவில் கிடந்தாலும் குரல் அதில் போய் விழும்.

அக்காவுக்குக் கீழே தங்கைவானம் இருந்தாள். பகலெல்லாம் சூரியன் ஊற்றுவதைக் குடித்துக்கொண்டு பனிமூட்டம்போல மிதப்பாள். பொழுது சாய்ந்தால் கரைந்துவிடுவாள். மேலே போகிற குரல்களில் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளித் தின்பது அவள் வழக்கம். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. எருமைக் குரல் மாதிரித் தடித்த குரல் மட்டும் அவள் வயிற்றில் முட்டித் திரும்பும். அந்த வயிறோ தொளதொளவென்று இருந்தது. அதனால் தடித்த குரல் பாதிக் கடலிலேயே சோர்ந்து விழுந்துவிடும். எருமையிடம் யாரும் தூது சொல்லி அனுப்பியதில்லை.

ஒரு நாள் சேந்தன் என்கிற மீன்காரன் மனைவி முத்தாச்சியிடம் கோபித்துக்கொண்டு கஞ்சி குடிக்காமலே கடலுக்குப் போனான். முந்தின நாள் வலையில் பட்ட நல்ல விளைமீனை அவளைக் கேட்காமல் சித்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். அதில் வந்த சண்டை. தப்பு அவன்மேல்தான். ஆனால் கோபித்துக்கொண்டு போனவனும் அவன்தான். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உச்சிப்பொழுதில் மேற்கே பனைகளுக்குப் பின்னால் கருமேகம் எழுந்தது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கிளம்பினால் கட்டுமரத்தைக் கரைக்குத் திரும்பவிடாமல் ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். முத்தாச்சி கோபத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணாந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்துச் சூரியன் பொங்கினான். ஏன் பொங்கினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. உலைநீர் மாதிரி ஒரு பக்கம் குபுக்கென்று வழிந்தது. வழிந்த அத்தனையையும் தங்கைவானம் மடமடவென்று குடித்தாள். குடித்த மாத்திரத்தில் உடம்பு தடித்துக் கனத்துக் கீழே இறங்கியது, வயிறு கெட்டிப்பட்டது.

என்ன செய்தாய் என்று சூரியனைக் கேட்டாள். தெரியவில்லையே என்றான் அவன்.

முத்தாச்சி கூப்பிட்டாள். குரல் மேலே போயிற்று. அக்காவைப் போய்ச் சேரவில்லை. நடுவிலே தங்கை அதை முழுசாக விழுங்கிவிட்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தடித்த உடம்புக்குள் நுழைந்தது எதுவும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். முத்தாச்சி மறுபடி மறுபடி கூப்பிட்டாள். கடலிலிருந்து ஒரு பதிலும் இல்லை. இன்னும் கோபமா என்று நினைத்து அழுதாள். கடலில் சேந்தனோ, இந்நேரம் சாப்பிட்டாயா என்று கேட்கிறவள் கேட்கவில்லையே, அவளே முதலில் பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் அழுவதைப் பார்த்து அவர்கள் வீட்டு எருமை காரி வந்தது. நீயாவது கூப்பிடேன் என்றாள் முத்தாச்சி. என் குரல் எங்கே போய்ச் சேரும் என்று காரி தயங்கியது. ஆனாலும் வாயைத் திறந்து, "கச்சான் வருது, வந்துரு" என்று கத்தியது.

தடித்த குரல் தங்கையின் கெட்டி வயிற்றில் முட்டியது. என்றைக்கும் இல்லாத பலத்தோடு, வயிறு தாழ இறங்கியிருந்ததால் சற்றுச் சீக்கிரமாகவே, சேந்தன் காதில் போய் விழுந்தது. அவன் திகைத்தான். பேச மனமில்லாமல் எருமையை விட்டா கூப்பிடுகிறாள் என்று கோபம் கூடியது. திரும்பக் கூடாது என்றுகூட நினைத்தான். மேற்கே கறுப்பைக் கண்ட பிறகுதான் துடுப்பை எடுத்தான். அவன் மணலில் கால் வைக்கவும் கச்சான் கடலைப் புரட்டவும் சரியாக இருந்தது.

"ஏன் புள்ள, நீ வாயத் திறந்து கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

"தொண்ட கிழியக் கூப்பிட்டேனே. நீங்கதான் கேட்டும் கேக்காத மாதிரி இருந்தீங்க."

அவன் நம்பவில்லை. அவன் நம்பவில்லையே என்பதுதான் புயலைவிட அவளுக்கு வலித்தது. இருவரும் தங்கைவானத்திடம் சாட்சி கேட்டார்கள். அவளோ குழம்பிப்போய், விழுங்கிய குரலெல்லாம் சூடாகிவிட்டது, யார் குரல், என்ன சொல் என்று தெரியவில்லை என்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் உடம்பும் பழையபடி இளகியது. பொழுது சாய்ந்ததும் கரைந்தே போனாள். முத்தாச்சி கூப்பிட்டாளா என்று சேந்தனுக்கு எப்போதும் உறுதியாகத் தெரியவே இல்லை.

கடல் அடங்கியபின் அவன் மறுபடி தொழிலுக்குப் போனான். கரையிலிருந்து முத்தாச்சி அண்ணாந்து ஒரே ஒரு சொல் அனுப்பினாள்.

"கேக்குதா?"

"கேக்குது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் விளைமீன் விஷயத்துக்காக அவனைத் திட்ட ஆரம்பித்தாள்.

சூரியன் பொங்குகிற பகலில் தூரத்து ரேடியோ திடீரென்று ஊமையாவதும், அப்போதும் எருமைக் குரல் மாதிரி அடித்தொண்டையில் போகிற நீண்ட அலைகள் மட்டும் தடையின்றிப் போவதும் அன்று தொடங்கியதுதான். ரேடியோவில் பேசுகிறவர்கள், எதிர்ப்பக்கம் இருப்பவரைக் கோபிப்பதற்கு முன்னால், "கேக்குதா?" என்று கேட்பதும் அன்று முதல்தான்.